கடைசி வில்லையை நான் தின்றது பற்றி அக்காவுக்கு ஒரு விளக்கம்

எல்ம் பிரேரி, மினசோட்டா
ஏப்ரல் 3, வியாழக்கிழமை

அன்பும் மரியாதையும், அவற்றோடு கொஞ்சம் கோபமும் கலந்த வணக்கத்துடன் லோர்னா அக்காவுக்கு,

உன் தம்பி வெண்டெல் எழுதுகிறேன். இங்கே நான் சுகம், பிரிட்டா ரொம்ப சுகம், நாய் கஸ் இரண்டு நாளாகத்தான் சுகம். அங்கே டலூத்தில் நீயும் அத்தானும் அத்தானுடைய முழங்காலும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே பனி பாதி உருகிவிட்டது. மீதிப் பாதியைத் தள்ளுவதற்குக் கவுண்டி ஆபீசிலிருந்து இன்னும் என்னையும் என் லாரியையும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மரியாதையெல்லாம் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று சாயங்காலம் சர்ச் கீழ்த்தளத்தில் நான் செய்த காரியம் இந்நேரம் உன் காதுக்கு எட்டியிருக்கும். எட்டியிருந்தால் அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மூலகாரணம் நீ. முழுக் கதையையும் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

பிப்ரவரியில் என் பெண்டாட்டி டார்லா பத்து வார நர்ஸ் பயிற்சிக்கு ரோச்செஸ்டருக்குக் கிளம்பினாள் அல்லவா? காரில் பெட்டியை வைத்தபிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். பிரிட்டாவுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. மார்ச் கடைசியில் பள்ளிக்கூடத்தில் கிண்டர்கார்டன் ரவுண்டப். மாடுகளை வளைத்துப் பிடிப்பதற்குச் சொல்கிற வார்த்தையையே குழந்தைகளைப் பரிசோதித்துச் சேர்ப்பதற்கும் வைத்தவர் யாரோ, அவருக்கு நிச்சயம் பிள்ளைகள் இருந்திருக்கும். நம் பிரிட்டாவோ அப்போது “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, நிறைய” என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

“எண்ணத் தெரியலன்னா அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லிடுவாங்க வெண்டெல். பக்கத்து வீட்டு மேபல் பஸ் ஏறிப் போவா, இவ ஜன்னல்ல நின்னு பாத்துட்டு இருப்பா. அதை மட்டும் என்னால பாக்க முடியாது” என்றாள் டார்லா.

“நீ போயிட்டு வா. ஆறுக்கும் பத்துக்கும் நடுவுல அப்படி என்ன பெரிய தூரம்? நான் பாத்துக்கறேன்” என்றேன்.

வீரமாகச் சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் உதறல்தான். கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்த பள்ளிக்கூடப் பையைப் பிரிட்டா அன்றிலிருந்து முதுகைவிட்டு இறக்கியதே இல்லை. சாப்பிடும்போதும் அது முதுகில்தான் இருக்கும். தினமும் காலையில் மஞ்சள் பஸ் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போது கை காட்டுவாள். டிரைவரும் காட்டுவார். அதனால்தான் உனக்கு போன் பண்ணினேன். இருபத்தாறு வருடம் கிண்டர்கார்டன் நடத்தியவள் ஆயிற்றே என்று நம்பினேன்.

நீ என்ன செய்தாய்? ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய நான்கு அளவுக் கோப்பைகளும், கூடவே ஒரு கடிதமும் அனுப்பினாய். “கணக்கைப் புத்தகத்தில் தேடாதே தம்பி, அது உன் சமையலறையில் இருக்கிறது. பிள்ளையோடு சேர்ந்து சமை, சேர்ந்து விளையாடு, தானாக வரும்” என்று எழுதியிருந்தாய். வந்தது அக்கா. என்னவெல்லாம் வந்தது என்று சொல்கிறேன் கேள்.

முதலில் ஹாட்டிஷ். அடியில் கறியைப் பரப்பி, மேலே கூரை போல உருளைக்கிழங்கு உருண்டைகளை வரிசைக்கு ஆறாக நான்கு வரிசை வைத்து எண்ணச் சொல் என்று நீ எழுதியிருந்தாய். உருண்டைகளை முன்கூட்டியே பொரித்து, தட்டில் அடுக்கி, அவள் முன்னால் வைத்துவிட்டு நான் அடியில் போடும் கறியைக் கிளறிக்கொண்டிருந்தேன். இரண்டு வாரமாக லாரியில் நான் சொல்லிக் கொடுத்தபடியே பின்னால் அழகாக எண்ணுகிற சத்தம் கேட்டது. ஆறைத் தாண்டினாள், பத்தைத் தாண்டினாள், எனக்குப் பெருமை தாங்கவில்லை. இருபத்துமூன்று வந்ததும் நின்றுவிட்டாள். திரும்பிப் பார்த்தால் தட்டில் ஒரே ஒரு உருண்டை இருக்கிறது.

“மத்ததெல்லாம் எங்கம்மா?”

“எண்ணினதை மறுபடியும் எண்ணிடக் கூடாதுல்ல? அதான் எண்ண எண்ண எடுத்துட்டேன். எனக்கு ஒண்ணு, கஸ்ஸுக்கு ஒண்ணு.”

“சரி, இந்த ஒண்ணை மட்டும் ஏன் விட்டு வெச்சிருக்க?”

“கடைசியைத் தின்னக் கூடாதுன்னு நீதானேப்பா சொன்ன?”

அது நல்ல வளர்ப்பு என்று நினைத்து அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். அந்த இடத்திலேயே எனக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். படவில்லை. கூரையில்லாத வீடு போல ஹாட்டிஷின் மேல் ஒற்றை உருண்டையை நடுவில் வைத்து ஓவனுக்குள் தள்ளினேன். பரிமாறும்போது அதை அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மறுநாள் வரை அப்படியே இருந்தது.

அடுத்தது உன் “ஒருவருக்கு ஒன்று” விளையாட்டு. பொம்மைகளுக்குச் சாப்பாட்டு மேசை போடச் சொன்னாய். பொம்மைகள் எட்டு, வீட்டில் ஸ்பூன் எட்டு, கணக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. என் நாற்காலியில் கரடி உட்கார்ந்திருந்தது. நான் நின்றுகொண்டே குழம்புக் கரண்டியால் சூப் குடித்தேன். “உனக்கும் ஒண்ணு இருக்குல்லப்பா, பெருசா” என்று ஆறுதல் வேறு சொன்னாள்.

மூன்றாவது, பொத்தான் விவகாரம். இதற்கு நீ நேரடியாகவே பொறுப்பு. தவக்காலப் புதன்கிழமைகளில் சர்ச்சில் சூப் விருந்து நடக்குமே, அதற்கு இனிப்பு ஓட்ஸ் வில்லை சுட்டுச் சதுரமாக வெட்டிக் கொண்டுவருவதாகப் பெயர் கொடுத்திருந்தேன். ஓட்ஸ் மூன்று கோப்பை போட வேண்டும். முழுக்கோப்பையைக் கஸ் கடித்துக் குதறிவிட்டதால் கால் கோப்பையால் பன்னிரண்டு தடவை அளக்க வேண்டியதாயிற்று. நீ எழுதியபடியே, பன்னிரண்டு குழியுள்ள முட்டை அட்டையை எடுத்து, ஒரு தடவை அளந்தால் ஒரு குழியில் ஒரு பொத்தான் என்று டார்லாவின் தையல் டப்பாவிலிருந்து பெரிய கோட்டுப் பொத்தான்களை எடுத்துக் கொடுத்தேன். பன்னிரண்டு குழியும் நிரம்பிய நேரம் பார்த்துக் கவுண்டியிலிருந்து போன் வந்தது. நான் திரும்பி வருவதற்குள் அவள் மாவைப் பதமாகக் கிண்டிவைத்திருந்தாள். முட்டை அட்டை காலியாக இருந்ததை நான் கவனிக்கவில்லை. “எண்ணினதெல்லாம் உள்ள போகணும்ல?” என்று பிற்பாடு கேட்டாள். கேள்வியில் தப்பில்லைதான்.

இருபத்துநான்கு வில்லை போட்டுக் கொண்டுபோனேன். ஒன்றைத் தவிர அத்தனையும் எடுத்துச் சாப்பிட்டார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம் ஊரைப் பற்றி உனக்குத் தெரியாதா? தட்டில் லாடத்தை வைத்துக் கொடுத்தாலும் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபிறகு ஒருவர் மாற்றி ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கைக்குள் எதையோ திணித்தார்கள். பாஸ்டர் கை குலுக்கும்போதே கொடுத்துவிட்டார். கீழ்த்தளச் சமையலறையை முப்பது வருடமாக ஆட்சி செய்யும் வெர்னா மட்டும் என் கண்ணைப் பார்த்துப் பேசினாள்.

“உன் கோட்டுல ஏதாவது குறையுதான்னு பாத்துக்க வெண்டெல். வில்லை… வித்தியாசமா இருந்துச்சு.”

வித்தியாசம் என்ற வார்த்தை வெர்னா வாயிலிருந்து வந்தால் அதற்கு மேல் ஒரு தண்டனை நம் ஊரில் கிடையாது என்பது உனக்குத் தெரியும். வெட்கத்தில் எனக்குக் காது மடல் சுட்டது. வீட்டுக்கு வந்ததும் பிரிட்டா பொத்தான்களை வாங்கி முட்டை அட்டையில் ஒவ்வொன்றாக வைத்தாள். ஒரு குழி காலியாக இருந்தது.

“பன்னெண்டுல பதினொண்ணு வந்துடுச்சு. இன்னும் ஒண்ணு ஆர்வில் மாமா வயித்துல இருக்குப்பா.”

வயலோரத்தில் தனியாகக் குடியிருக்கும் நம் ஆர்வில்தான். அவரை மட்டும்தான் அன்று பார்க்கவில்லை. மறுநாள் பெட்ரோல் போடும் இடத்தில் பார்த்துச் சுற்றி வளைத்து விசாரித்தேன். “நல்லா மொறுமொறுன்னு இருந்துச்சுப்பா. வால்நட்டா?” என்றார். தலையாட்டிவிட்டு லாரியில் ஏறிவிட்டேன். ஆனால் அக்கா, கழித்தல் வந்துவிட்டது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

அதே பொத்தான் புதன்கிழமையில்தான் உண்மையான விபரீதமும் நடந்தது. நடந்தபோது அது எனக்கு விபரீதமாகவே தெரியவில்லை. தட்டில் கடைசியாக ஒரு வில்லை மிஞ்சியது. நம் வழக்கம்தான், யாரும் தொடவில்லை. “நீங்க எடுத்துக்கங்க.” “ஐயோ, எனக்கு வயிறு முட்டிடுச்சு, நீங்க எடுத்துக்கங்க.” வெர்னா வெண்ணெய்க் கத்தியை எடுத்து அதைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுத்துக்கொண்டாள். பாஸ்டர் மீதிப் பாதியில் பாதி. ஆர்வில் அதில் பாதி. பிறகு வந்தவர் அதில் பாதி. பிரிட்டா மேசை விளிம்பில் மூக்கை வைத்துக்கொண்டு, “பாதி. பாதியில பாதி. அந்தப் பாதியில பாதி” என்று கண் கொட்டாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஐந்து வயதில் பின்னக் கணக்கு சொல்கிறாளே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு துணுக்கு கிடந்தது. வெர்னா அதை அலுமினியத் தாளில் சுற்றிக் குளிர்பெட்டிக்குள் வைத்தாள்.

“அதை யாருப்பா தின்னுவாங்க?”

“யாரும் தின்ன மாட்டாங்கம்மா.”

“அப்ப எப்பவும் இருக்குமா?”

“இருக்கும்” என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை ரவுண்டப். பிரிட்டா ஒற்றைக்காலில் நின்றாள், நிறங்களைச் சொன்னாள், இருபது வரை மளமளவென்று எண்ணினாள். பரிசோதித்தவர் மிஸ் டெல்கடோ. போன ஆகஸ்டில் டெக்ஸஸிலிருந்து வந்தவர். நல்ல மனுஷி, பனியைப் பார்த்து இன்னும் பயம் தெளியவில்லை, அவ்வளவுதான். ஒரு காகிதத் தட்டில் மூன்று பிஸ்கட்டை வைத்தார்.

“இதுல ஒண்ணை நீ சாப்பிட்டுட்டா எத்தனை இருக்கும் கண்ணு?”

“ரெண்டு.”

“இன்னொண்ணும் சாப்பிட்டுட்டா?”

“ஒண்ணு.”

“அந்த ஒண்ணையும் சாப்பிட்டுட்டா?”

பிரிட்டா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இந்தம்மாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையா என்பது போல ஒரு பார்வை.

“அதைச் சாப்பிட மாட்டேன்.”

“சும்மா ஒரு பேச்சுக்கு. சாப்பிட்டுட்டேன்னு வெச்சுக்கோ.”

“அப்ப பாதி இருக்கும்.”

“பாதியையும் சாப்பிட்டுட்டா?”

“பாதியில பாதி இருக்கும்.”

மிஸ் டெல்கடோ பிஸ்கட்டை ஒதுக்கிவிட்டு விளையாட்டு பஸ் ஒன்றை எடுத்தார். மூன்று கரடிகளை ஏற்றினார், மூன்றையும் இறக்கினார். “இப்ப பஸ்ல எத்தனை பேர்?” என்றார்.

“ஒண்ணு.”

“யாரும்மா அது?”

“டிரைவர்.”

மிஸ் டெல்கடோ ஏதோ எழுதிக்கொண்டார். எழுதுகிறவர் சிரிக்காமல் எழுதினால் நமக்குப் புரிந்துவிடுமே. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ரொம்பக் கெட்டிக்காரப் பொண்ணு, மிஸ்டர் டோலஃப்சன். ஆனா ஒண்ணுமில்லாததை ஒண்ணுமில்லன்னு சொல்ல வரல. எதைக் கேட்டாலும் மிச்சம் வெக்கிறா. திங்கக்கிழமை விட்டு அடுத்த திங்கக்கிழமை இன்னொரு தடவை கூட்டிட்டு வாங்க. அன்னிக்கும் வரலன்னா, ஒரு வருஷம் பொறுத்துப் பாக்கலாமே” என்றார்.

“ஆகட்டும், அதனால என்ன, பரவாயில்லைங்க” என்றேன். நம் ஆட்களுக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்? லாரியில் ஏறியதும் பிரிட்டா பையை முதுகோடு சாய்த்துக்கொண்டு, “அப்பா, நான் பஸ்ல போவேன்ல?” என்றாள். “போவ” என்றேன். வண்டியைக் கிளப்பினேன்.

அதன்பிறகு நாலு நாளாகப் பூஜ்ஜியத்தைப் பிடித்துக் காட்டப் பாடுபட்டேன். பட்டாணிச் சட்டியைக் கவிழ்த்துக் காட்டினால், “அடியில ஒண்ணு ஒட்டிட்டு இருக்கு” என்றாள். ஒட்டியிருந்தது. துடைத்த தட்டைக் காட்டினால், “கஸ் நக்குவான், அவனுக்குக் கொஞ்சம் இருக்கும்” என்றாள். நானே கடைசி ரொட்டித் துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனேன். நம்பினால் நம்பு, கை மேலே போக மறுத்தது. நாற்பத்தொரு வருடப் பழக்கம். நம் வீட்டில் சின்ன வயதில் ஒரு பீன்ஸ் மூன்று நாள் பாத்திரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ரொட்டியைக் கஸ்ஸுக்குப் போட்டேன். “ஒண்ணு. கஸ் வயித்துல” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசித் துண்டு தீராது என்ற சட்டத்தை அவள் கற்றுக்கொண்டது சர்ச் கீழ்த்தளத்தில். ஊரே பார்க்க ஏற்பட்ட சட்டம் ஊரே பார்க்கத்தான் உடைய வேண்டும்.

நேற்றுப் புதன்கிழமை. வெர்னாவின் எலுமிச்சை வில்லை. அறுபது பேர் இருப்பார்கள். நான் சூப்பே குடிக்கவில்லை, தட்டில் எத்தனை மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். தட்டில் ஒன்று மிஞ்சியதும் வழக்கம்போல உபசாரம் ஆரம்பித்தது. வெர்னா வெண்ணெய்க் கத்தியை எடுத்தாள்.

“கொஞ்சம் பொறுங்க வெர்னா” என்றேன். பிரிட்டாவைத் தூக்கி நாற்காலிமேல் நிற்கவைத்தேன். “நல்லாப் பாத்துக்கம்மா.”

எடுத்தேன். முழு வில்லையையும் எடுத்தேன் அக்கா. இரண்டே கடியில் தின்றேன். காப்பிக் கலம் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பாஸ்டர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி இருந்தார். ஆர்வில் தொப்பியைக் கழற்றிவிட்டார், எதற்கென்று அவருக்கே தெரியாது. பிரிட்டா தட்டைப் பார்த்தாள். தட்டைத் தூக்கி அடியில் பார்த்தாள். என் வாயைத் திறக்கச் சொல்லி அதற்குள்ளும் பார்த்தாள்.

“அப்பா. ஒண்ணுமே இல்ல.”

“அதுக்குப் பேருதாம்மா பூஜ்ஜியம்.”

அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போய், “பாருங்க, பூஜ்ஜியம். எங்கப்பா பண்ணினாரு” என்று காட்டிக்கொண்டே வந்தாள். வெர்னா கத்தியைத் துடைத்து உறையில் போட்டாள்.

“வித்தியாசமா இருக்கு, வெண்டெல்” என்றாள்.

இனி இந்த ஊரில் எனக்கு முகமில்லை. இருக்கட்டும். காலையிலிருந்து பிரிட்டா வீடு முழுக்கப் பூஜ்ஜியம் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள். தபால் பெட்டியில் பூஜ்ஜியம், கஸ்ஸின் கிண்ணத்தில் பூஜ்ஜியம், என் உச்சந்தலையைத் தடவிப் பார்த்து அங்கேயும் பூஜ்ஜியம். திங்கட்கிழமைப் பரிசோதனையில் தேறிவிடுவாள் என்பதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. உனக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இரண்டுதான். இனிமேல் யோசனை எதுவும் அனுப்பாதே. கடைசி வில்லை விஷயத்தை டார்லாவிடம் மூச்சுவிடாதே. கோப்பைகளைத் திருப்பி அனுப்புகிறேன், மூன்றுதான் இருக்கும்.

வாசலில் யாரோ வந்து எதையோ வைத்துவிட்டு ஓடுகிற சத்தம் கேட்கிறது. தபால்தலை வாங்கி வந்துதான் இதை அனுப்ப வேண்டும். உன் வீட்டில் அடுப்பும் அமைதியும் குறையாமல் இருக்கட்டும், அத்தான் முழங்காலை மடக்கி நீட்டுகிற நாள் சீக்கிரம் வரட்டும், ஆண்டவர் உங்கள் இருவரையும் சறுக்கலில்லாத பாதையில் நடத்தட்டும்.

இப்படிக்கு,
உன் சொல்லைக் கேட்டுக் கெட்ட தம்பி,
வெண்டெல்

பி.கு. — திங்கட்கிழமை. தபால்தலை இன்றுதான் கிடைத்தது. ஊரில் எனக்கு முகமில்லை என்று மேலே எழுதியதை நம்பாதே. வாசலில் அன்று வைத்துவிட்டு ஓடியது வெர்னா. ஒரு பெரிய தட்டு எலுமிச்சை வில்லை, கூடவே ஒரு சீட்டு: “பசியா இருந்தா சொல்லக் கூடாதா வெண்டெல்?” பெண்டாட்டி ஊரில் இல்லாமல் நான் பட்டினி கிடக்கிறேன் என்று ஊரே முடிவுகட்டிவிட்டது. ஒரு மனுஷன் கடைசித் துண்டைத் தின்ன வேறு காரணம் அவர்களுக்குத் தோன்றவில்லை. ஆளாளுக்குத் தட்டு கொண்டுவந்து வைத்துவிட்டு மணியடிக்காமல் போகிறார்கள். டார்லாவுக்கும் தெரிந்துவிட்டது. போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “முழுசாவா?”

இன்று காலை மிஸ் டெல்கடோ அதே மூன்று பிஸ்கட்டை வைத்தார். ரெண்டு, ஒண்ணு, எல்லாம் சரியாக வந்தது. “அந்தக் கடைசி ஒண்ணையும் சாப்பிட்டுட்டா எத்தனை இருக்கும் கண்ணு?”

“பதினாலு” என்றாள் பிரிட்டா.

எனக்கு உயிரே போய்விட்டது. மிஸ் டெல்கடோ பேனாவைக் கீழே வைத்தார்.

“எப்படிம்மா பதினாலு?”

“எங்கப்பா கடைசியைத் தின்னாரு. முதல்ல பூஜ்ஜியம் ஆச்சு. மறுநாள் ஒண்ணு வந்துச்சு. அப்புறம் ரெண்டு, மூணு. இன்னிக்குப் பதினாலு தட்டு. உங்க தட்டையும் சேத்துதான்.”

மிஸ் டெல்கடோவின் முகம் சிவந்துபோயிற்று. பதினாலாவது தட்டு, பெக்கன் பருப்பு மிட்டாய், அவர் வைத்ததுதான். சிரித்து, கண்ணைத் துடைத்து, “பூஜ்ஜியத்துலேர்ந்து ஆரம்பிச்சு எண்ணியிருக்கா சார், இதுக்கு மேல என்ன வேணும்?” என்று கட்டத்துக்குள் ஒரு டிக் போட்டார். செப்டம்பரில் பஸ் ஏறுகிறாள் அக்கா. அதைக் கொண்டாட ஆளுக்கு ஒரு பிஸ்கட் என்று பிரிட்டாவும் நானும் எடுத்துக்கொண்டோம். தட்டில் ஒன்று மிஞ்சியது. மிஸ் டெல்கடோவை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஐயோ, எனக்கு வயிறு முட்டிடுச்சு, நீங்க எடுத்துக்கங்க என்றார். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர் மேசை டிராயரைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கத்தியை எடுத்தார்.